சரியாகக் காட்டும் கருவி யாருக்கு?

"வெள்ளைக்காரனாப் பிறந்ததால எனக்கு யாரும் எதையும் சும்மா தூக்கிக் கொடுக்கல." அமெரிக்காவில் 'ஒயிட் ப்ரிவிலேஜ்', அதாவது வெள்ளையராக இருப்பதாலேயே கிடைக்கும் சலுகை, என்று பேச்செடுத்தாலே வரும் முதல் பதில் இதுதான். சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. பலர் கஷ்டப்பட்டு வளர்ந்தவர்கள்தான். ஆனால் அடுத்தவருக்கு இருக்கும் ஒரு தொல்லை தனக்கு இல்லாமல் இருப்பதும் ப்ரிவிலேஜ்தான். இல்லாத தொல்லை எப்படிக் கண்ணில் படும்?

அது எண்ணாகவே தெரிந்த இடம் ஒன்று உண்டு. கொரோனா இரண்டாம் அலையில் மெடிக்கல் ஷாப் மெடிக்கல் ஷாப்பாக அலைந்து வாங்கினோமே, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர். 94க்குக் கீழே இறங்கினால் ஆஸ்பத்திரிக்கு ஓடணும் என்பது அப்போது வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அந்தச் சின்ன கிளிப் செய்வது இதுதான். விரலின் ஒரு பக்கத்திலிருந்து சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் பாய்ச்சுகிறது. ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் இவ்விரண்டையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சும். மறுபக்கம் வந்து சேரும் ஒளியை வைத்து ஆக்சிஜன் எவ்வளவு என்று கணக்குப் போடுகிறது. ஆனால் நடுவில் தோல் இருக்கிறதே! கருமை தரும் மெலனினும் ஒளியை உறிஞ்சும். இந்தக் கணக்குக்கான அளவுகோலை ஆரம்பத்தில் பெரும்பாலும் வெளிர்நிறத் தோல்காரர்களை வைத்தே சரிபார்த்தார்கள்.

விளைவை 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்டார்கள். ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் தமனி ரத்தத்தை எடுத்துப் பார்த்தபோது, சிலருக்கு உண்மை அளவு 88க்கும் கீழே இருந்தது. வெள்ளையரிடம் இப்படி 3.6 சதவீதம். கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதம். ஏறக்குறைய மூன்று மடங்கு. சிகிச்சை தரலாமா, வார்டில் சேர்க்கலாமா, வீட்டுக்கு அனுப்பலாமா என்பதை அந்த எண்ணை வைத்து முடிவு செய்துகொண்டிருந்த காலம் அது.

எனக்கு ஆறாத கோபம், இது புதிய செய்தியே இல்லை என்பதில்தான். 1990லேயே ஓர் ஆய்வு இதைச் சொல்லிவிட்டது. 2013இல் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ வெளியிட்ட வழிகாட்டுதலோ, சோதனைக்கு எடுப்பவர்களில் இரண்டு பேர், அல்லது 15 சதவீதம், கருமையான தோல் உள்ளவர்களாக இருந்தால் போதும் என்றது. இரண்டே பேர்!

இதில் யாரும் கறுப்பினத்தவரைக் கொல்லத் திட்டம் போடவில்லை. கிளிப்பை மாட்டிய நர்ஸ் மனதில் துளி வெறுப்பும் இருந்திருக்க வேண்டியதில்லை. மேற்கு வர்ஜீனியாவில் ஒரு வெள்ளைக்கார நிலக்கரித் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். வறுமை உண்டு, நுரையீரல் நோயும் உண்டு. ஆனால் இந்தக் கருவி தன் நிறத்தால் தவறிவிடுமோ என்று அவர் ஒருநாளும் யோசித்திருக்க மாட்டார். அவர் கஷ்டமும் உண்மை, அந்தச் சலுகையும் உண்மை. ஒன்று இன்னொன்றை அழித்துவிடாது.

டாக்டர் சூசன் மூர் நினைவுக்கு வருகிறார். 52 வயது, கறுப்பினப் பெண், அவரே மருத்துவர். 2020 டிசம்பரில் கொரோனாவோடு இண்டியானாவில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபடி, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, தானே வீடியோ எடுத்து முகநூலில் போட்டார். வலிக்கிறது என்று சொல்லியும் தன்னை நம்பவில்லை, வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார்கள், வெள்ளைக்காரியாக இருந்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது என்றார். அந்த மாதமே இறந்துபோனார். மருத்துவப் படிப்பும், தன் நோயைத் தானே விளக்கிச் சொல்லும் திறமையும் இருந்தவருக்கே இந்தக் கதி. இரண்டும் இல்லாதவர்கள் யாரிடம் போய் முறையிடுவார்கள்?

வேலைக்கு விண்ணப்பிப்பதிலும் இதே கதைதான். பாஸ்டன், சிகாகோ நகரங்களில் ஒரே தரத்திலான பயோடேட்டாக்களை, பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்தார்கள். எமிலி, கிரெக் போன்ற பெயர்களுக்கு லகீஷா, ஜமால் போன்ற பெயர்களைவிட 50 சதவீதம் அதிக அழைப்புகள். 2004இல் வெளிவந்த ஆய்வு இது. அழைப்பு வந்த எமிலிக்குத் தன் படிப்பு மட்டும்தான் காரணமாகத் தெரிந்திருக்கும்.

அங்கே குடியேறிய நம்மவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். கறுப்பினத்தவரைப் பார்த்து, "நாங்க உழைச்சு முன்னேறலையா, அவங்களுக்கு என்ன?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். 1923இல், அங்கே குடியேறிய பஞ்சாபியரான பகத் சிங் திந்த் என்பவரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தியர் வெள்ளையர் அல்லர், குடியுரிமை பெறத் தகுதியில்லை என்று தீர்ப்பளித்தது. நமக்குக் கதவை அகலத் திறந்த 1965 குடிவரவுச் சட்டம், கறுப்பின மக்கள் அடிபட்டும் சிறைப்பட்டும் நடத்திய சிவில் உரிமைப் போராட்டம் உருவாக்கிய சூழலில் வந்தது. அவர்கள் போட்ட பாதையில் நடந்துகொண்டு அவர்களையே குறை சொல்வது நியாயமில்லை.

2025 ஜனவரியில்தான் எஃப்டிஏ புதிய வரைவை வெளியிட்டது. குறைந்தது 150 பேரிடம், எல்லா நிறத் தோலிலும் சோதிக்க வேண்டும் என்கிறது அது. வீடுகளில் கிடக்கும் பழைய கருவிகள் இதனால் மாறிவிடப் போவதில்லை. நம்மில் பலருக்கும் கருந்தோல்தான். அதனால் வீட்டில் யாருக்காவது மூச்சு வாங்கும்போது திரையில் 95 தெரிந்தாலும் அதோடு சமாதானமாகிவிடாதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். தமனி ரத்தத்தில் பார்க்கும் ஏபிஜி டெஸ்ட் தேவையா என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.