திரையில் தெரியும் டர்பைனுக்கு உயிர் கொடுப்பது யார்?

"டிஜிட்டல் ட்வின் வந்துவிட்டது, இனி காற்றாலைக்காக யாரும் கடலுக்குப் போக வேண்டியதில்லை." மேடையில் ஒருவர் இப்படிப் பேசிய வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். டிஜிட்டல் ட்வின் என்பது, சென்சார் அளவுகளை வாங்கிக்கொண்டு உண்மையான டர்பைனைப் போலவே கணினியில் இயங்கும் நகல். அந்தப் பேச்சுக்கு விழுந்த கைதட்டலைக் கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை.

நான் ட்வினுக்கு எதிரி இல்லை. அலை ஒன்றரை மீட்டரைத் தாண்டினாலே பல படகுகளிலிருந்து டர்பைனுக்கு ஆள் ஏற முடியாது. கியர்பாக்ஸ் மாற்றவோ, கடலடியில் கால் ஊன்றி நிற்கும் பெரிய கப்பலே வர வேண்டும். பழுது முன்கூட்டியே தெரிந்தால் கடல் அமைதியாக இருக்கும் பருவத்தில் வேலையை வைத்துக்கொள்ளலாம். கோபுரத்தின் அதிர்வை வைத்தே, மண்ணுக்குள் புதைந்த அடித்தூணின் உலோகச் சோர்வை, அதாவது திரும்பத் திரும்ப விழும் சுமையால் உலோகம் பலவீனமாவதைக் கணக்கிட முடிகிறது. அருமையான விஷயம்தான். ஆனால் அந்தக் கணக்குக்கு உயிர் கொடுப்பவர், ஏறி இறங்குகிற டெக்னீஷியன்.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு ஜெனரேட்டர் பேரிங்கை மாற்றினோம். புதியது வேறு வகை. சர்வீஸ் ரிப்போர்ட்டில் தெளிவாக எழுதியும் கொடுத்தோம். ட்வினில் யாரும் அதை ஏற்றவில்லை. பேரிங்கின் உருளைகள் மாறினால் பழுதைக் காட்டும் அதிர்வெண்ணும் மாறும். ட்வினோ பழைய பேரிங்கின் அதிர்வெண்ணிலேயே தேடிக்கொண்டிருந்தது. புதிய பேரிங் தேயத் தொடங்கியபோதும் திரை முழுக்கப் பச்சை. மேலே போனவர் சத்தத்தைக் கேட்டுச் சொன்னார். "திரையில் ஒன்றுமே இல்லையே" என்று அவரைத்தான் சந்தேகப்பட்டார்கள். அவர் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

ட்வினைப் புகழ்கிறவர்களே, "அது டேட்டா பிரச்சினை, ட்வின் பிரச்சினை இல்லை" என்பீர்கள். டேட்டாவை எடுத்துவிட்டால் ட்வினில் மிஞ்சுவது என்ன? "சென்சாரைக் கூட்டினால் போதும்" என்பீர்கள். சென்சாரும் அதே உப்புக்காற்றில்தான் கிடக்கிறது, அதை மாற்றவும் ஆள்தான் ஏற வேண்டும். ட்ரோன் பிளேடைப் படம் எடுக்கும், சரி. அரித்துப்போன விளிம்பைப் பூசுவது யார்?

வட கடலில் 2010 வாக்கில், பல டர்பைன்களில் அடித்தூணையும் அதன் மேல்துண்டையும் பிணைத்த சிமென்ட் கலவை பிடி விட்டு, மேல்துண்டு மெல்லக் கீழே சறுக்கியது தெரியவந்தது. அன்றைய வடிவமைப்பு விதிப்படி எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு விதியையே திருத்தினார்கள். அந்தப் பழைய விதியை நம்பிக் கட்டிய ட்வின் நமக்கு என்ன சொல்லியிருக்கும்?

"வேலை போய்விடும் என்று பயப்படுகிறாய்" என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்குப் பயம் இருக்கிறது, ஆனால் அது வேறு பயம். திரை பச்சையாக இருக்கிறது என்று நம்பி மேலே ஏறப்போவது நீங்களோ கைதட்டியவர்களோ இல்லை. ஏறுகிறவர் எழுதிக் கொடுக்கும் ஒரு வரியை ட்வினில் ஏற்றக்கூட உங்களிடம் ஆள் இல்லை, ஆனால் அவரே தேவையில்லை என்று மேடையில் சொல்ல மட்டும் ஆள் இருக்கிறது.