போர்ட்டோவுக்கு ஒரு நாள் போதாது

போர்ச்சுகலின் போர்ட்டோ நகரை ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்கிறார், அந்த ஊரைப் பற்றிப் பயணக் கட்டுரை எழுதியவர். குழந்தைகளுடன் போனவராகத் தெரியவில்லை! ரிபெய்ரா ஆற்றங்கரையிலிருந்து மேலே ஏறும் சந்துகள் அத்தனையும் செங்குத்து. குழந்தையின் தள்ளுவண்டியை நானும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டுதான் படியேறினோம். சாவ் பென்டோ ரயில் நிலையச் சுவர்களில் சுமார் 20,000 நீலப் பீங்கான் ஓடுகள். அவற்றில் தீட்டியிருந்த போர்க்குதிரைகளை எண்ணத் தொடங்கிய மூத்தவள் நகரவே மறுத்துவிட்டாள். 1886இல் திறக்கப்பட்ட லூயிஸ் பாலத்தின் மேல்தளத்தில் மெட்ரோ நம்மை உரசுவதுபோலவே போகிறது, பிள்ளைகளின் கையை விடாதீர்கள். மறுநாள் டோரு ஆற்றோரமாகப் பழைய டிராமில் முகத்துவாரம் வரை போனோம். அட்லாண்டிக் தண்ணீர் ஆகஸ்டிலும் சில்லென்று இருந்தது. கால் நனைத்ததோடு சரி. பிரான்செசின்யா சாண்ட்விச் ஒன்று வாங்கினால் இருவருக்குத் தாராளம்.