2018க்கு முன்பே படங்கள் இருந்தன

"377 தீர்ப்பு வந்த பிறகுதான் இந்தியாவில் குயர் குறும்படங்கள் எடுக்கத் தொடங்கினார்கள்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். தன்பாலின உறவு குற்றமல்ல என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைத்தான் சொல்கிறீர்கள்; குயர் என்றால் தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றவர்கள். இல்லை தோழர். இயக்குநர் ரியாத் வாடியா மும்பையில் 'பாம்கே' எடுத்தது 1996இல். கவிஞர் ஆர். ராஜ் ராவின் கவிதைகளை வைத்துச் செய்த, கால் மணி நேரம்கூட ஓடாத படம். அன்று தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் சட்டப்பிரிவு முழு வலுவோடு இருந்தது. கேமரா முன் நிற்கவே எவ்வளவு துணிச்சல் வேண்டும்! பிரிட்டிஷ் இயக்குநர் பிரதிபா பர்மார் தெற்காசியக் குயர் மக்களைப் பற்றி எடுத்த 'குஷ்' ஆவணப்படம் அதற்கும் முந்தியது, 1991. மும்பையின் காஷிஷ் குயர் திரைப்பட விழாவும் 2010இலேயே தொடங்கிவிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2009இல் தந்த நிவாரணத்தை உச்ச நீதிமன்றம் 2013 டிசம்பரில் பறித்தது. அடுத்த மே மாதமே விழா மீண்டும் நடந்தது. இவர்களையெல்லாம் 2018 தீர்ப்புக்குப் பின் வந்தவர்கள் என்று சொல்வது எனக்கு வலிக்கிறது. வாடியா 2003இலேயே இறந்துவிட்டார். அந்தத் தீர்ப்பை அவர் பார்க்கவேயில்லை.