நான்கு சனிக்கிழமைக்கு ஒரு ரீசார்ஜ்

செல்போனுக்குப் போடும் 28 நாள் ரீசார்ஜை மாதத் திட்டம் என்று நம்பி ஏமாறுகிறோம் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பது நியாயம்தான். ஆண்டுக்கு 13 முறை போட்டாலும் 364 நாள்தான் ஆகிறது. எங்கள் திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளர்களுக்கு நான்கு சனிக்கிழமைச் சம்பளத்துக்கு ஒரு ரீசார்ஜ் என்று கணக்குப் பொருந்திவிடும். மாதச் சம்பளக்காரர்தான் பாவம்.

ஒன்றைக் கட்டுரையாளர் விட்டுவிட்டார். 2022-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போட்ட உத்தரவுப்படி, 30 நாள் திட்டம் ஒன்றையும் மாதந்தோறும் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றையும் ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும். கடைக்காரர் தாமாகச் சொல்லமாட்டார், நாம்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

காங்கயத்தில் இருக்கும் என் அம்மிச்சியிடம் (அம்மாவின் அம்மா) பட்டன் போன்தான். தினம் ஒன்றரை ஜிபி டேட்டாவுக்குக் காசு கட்டிக்கொண்டிருந்தோம். அதை அவர் எருமைக்கா ஊற்றுவார்? பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டம் கட்டாயம் என்று 2024 டிசம்பரில் விதி வந்த பிறகுதான் அதிலிருந்து மீண்டோம்.

வீட்டு இணையத்திலும் பார்த்து நடங்கள். விளம்பரத்தில் 499 என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து பில் 589 ரூபாய் வரும். மோடத்துக்கு முன்பணம் வாங்கினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இணைப்பைத் துண்டித்த அன்று எங்கள் வீட்டில் பீரோ முழுக்கத் தேடினோம், ரசீது கிடைக்கவில்லை. முன்பணமும் போனது போனதுதான்.