‘சூப்பர்’ சொல்லிவிட்டுப் போயிருக்கலாமாம்

நேற்று நம் போட்டோகிராபி வகுப்பில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு இந்நேரம் யாராவது சொல்லியிருப்பார்கள். “சின்னப் பையன் மனசை உடைச்சிட்டீங்களே” என்று இதுவரை நான்கு பேர் போன் செய்துவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் செய்தது ஒன்றுதான். அந்தப் படங்களைப் பார்த்தேன்.

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் காலை நேர மீன் ஏலம். நம்மோடு படிக்கிற தம்பி ஒருவர் 12 படங்கள் கொண்டுவந்திருந்தார். சுவரில் ஒவ்வொன்றாக ஓட ஓட “செம”, “சூப்பர் தம்பி” என்று ஒரே சத்தம். ஒரு படத்துக்கு ஐந்து வினாடிகூட யாரும் கொடுக்கவில்லை. முடிந்ததும் சார்தான் கேட்டார், யாராவது ஏதாவது சொல்லணுமா என்று. கேட்டதால் சொன்னேன்.

எட்டாவது படத்தைத் திரும்பப் போடச் சொன்னேன். கூடை உயரத்துக்குக் குத்தவைத்து எடுத்திருக்கிறார், அதனால் படத்தில் இருக்கிற அம்மாவின் முகம் கூட்டத்தில் தொலையாமல் வானத்துக்கு எதிரே தனியாக நிற்கிறது, எல்லாருக்கும் அது தோன்றாது என்றேன். முதலில் சொன்னது இதைத்தான். போன் செய்த நான்கு பேரில் ஒருவருக்கும் இது ஞாபகமில்லை. அப்புறம்தான் குறையைச் சொன்னேன். கடல் ஒரு பக்கமாகச் சரிகிறது. ஏலம் கேட்கும் கை மணிக்கட்டோடு வெட்டுப்பட்டுவிட்டது. கண்கள் தெளிவில்லாமல் கலங்கலாகப் பதிந்திருக்கின்றன, ஏனென்றால் ஷட்டர் 1/30, அதாவது ஒரு வினாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்திருக்கிறது. வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு நுட்பமாக வாங்கும் என்பதைச் சொல்கிற ஐஎஸ்ஓ 200இலேயே இருந்திருக்கிறது. அதை 1600 ஆக்கியிருந்தால் அதே வெளிச்சத்தில் 1/250 கிடைத்திருக்கும். கொஞ்சம் புள்ளி புள்ளியாக வரும், வந்தால் என்ன, கண் கிடைத்திருக்குமே. இவ்வளவுதான். இதில் எந்த வார்த்தை அவரை அவமானப்படுத்தியது?

தனியாகச் சொல்லியிருக்கலாம் என்கிறார்கள். பாராட்டை மட்டும் எல்லார் முன்னாலும் சொல்லலாமா? சரி, விடுங்கள்.

இன்னொருவர் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்ட்டியே-பிரெஸோனைப் பேச்சில் கொண்டுவந்தார். 1932இல் பாரீஸ் ரயில் நிலையத்துக்குப் பின்னால் அவர் எடுத்த படத்தில், தேங்கிய தண்ணீரைத் தாண்டுகிற மனிதர்கூடக் கலங்கித்தானே இருக்கிறார் என்றார். நல்ல கேள்வி. அதற்கு உட்கார்ந்து யோசித்தேன். அங்கே கலங்கியிருப்பது தாவல். தாவுகிறவர் கலங்கலாம். சுற்றியிருக்கிற வேலியும் தண்ணீரும் அசையாமல் இருப்பதால்தான் அந்தத் தாவல் தாவலாகத் தெரிகிறது. தம்பியின் படத்தில் கை கலங்கியிருந்தால் நானே கைதட்டியிருப்பேன். கலங்கியிருப்பது கண். 1950இல் நம்ம பாண்டிச்சேரிக்கே வந்து அரவிந்தரைப் படமெடுத்த மனிதர் அவர். அவர் பெயரைச் சொல்வதென்றால் அவர் படத்தையும் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது எந்த வகுப்பும் இல்லை. மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோ. பிலிம் காலம், ஒரு ரோலுக்கு 36 படம். சில்வர் பீச்சில் விடியற்காலையில் அக்கா பிள்ளைகளைப் படமெடுத்து, ரோலை அங்கே ஆசையாகக் கொண்டுபோனேன். ஸ்டுடியோ அண்ணன் எல்லாவற்றையும் கண்ணாடி மேசையில் பரப்பி, மூன்றை மட்டும் என் பக்கம் தள்ளினார். “காலையில சூரியன் கடல் பக்கம் இருக்கும்மா. கடலை முதுகுக்கு வெச்சு ஆளை நிறுத்தினா கரிக்கட்டையாத்தான் வருவாங்க. சாயங்காலம் நிறுத்து.” டவுன் பஸ்ஸில் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன். அடுத்த ரோலில் ஒன்பது தேறியது. கடை வாசலில் வரிசை நின்றது, அவர் என்னோடு அரை மணி நேரம் பேசினார். அதற்குக் காசு வாங்கவில்லை.

“நீங்க என்ன பெரிய போட்டோகிராபரா?” இல்லை. நாற்பது வயதுக்கு மேல் வகுப்பில் சேர்ந்தவள். பொறாமை என்றுகூட ஒருவர் சொன்னாராம். பொறாமைப்படுகிறவள் வாயை மூடிக்கொண்டிருப்பாள், அவன் அப்படியே போகட்டும் என்று. குறையை எடுத்துச் சொல்வேனா?

தம்பி “சரிக்கா, நீங்களே எடுங்க” என்று பையைத் தூக்கிக்கொண்டு போனபோது எனக்கும் வலித்தது. அதை யாரும் கேட்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வீராம்பட்டினம் ஆடித் தேர்ப் படங்களை நான் வகுப்பில் காட்டியது நினைவிருக்கிறதா? இரண்டு வருடம் கூட்டத்தில் நசுங்கி எடுத்தவை. எல்லாரும் “சூப்பர்க்கா” என்றீர்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அந்தப் படங்களில் ஏதோ ஒன்று சரியில்லை. வடம் இழுக்கிற அத்தனை பேர் இருந்தும் தேர் நகர்கிற மாதிரியே இல்லை. என்ன தப்பென்று எனக்குப் பிடிபடவில்லை. இன்றுவரை ஒருத்தரும் சொல்லவும் இல்லை.

யாராவது பத்து நிமிடம் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். தம்பி, நீங்கள் சொன்னாலும் சரி.