மூன்றாவது படத்துக்குக் கிடைக்காத நியாயம்

யுனிவர்சல் நிறுவனத்தின் நீர்வாழ் அரக்கன் படங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 1954இல் ஜாக் ஆர்னால்ட் இயக்கிய ‘கிரியேச்சர் ஃப்ரம் த பிளாக் லகூன்’ படத்தோடு பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். 1955இல் வந்த இரண்டாம் படமாவது, கிளின்ட் ஈஸ்ட்வுட் முதன்முதலாகத் தலைகாட்டிய படம் என்ற அளவில் நினைவில் இருக்கிறது. 1956இல் ஜான் ஷெர்வுட் இயக்கத்தில் வெளியான ‘த கிரியேச்சர் வாக்ஸ் அமங் அஸ்’ மட்டும் கேட்பாரற்றுக் கிடக்கிறது. மூன்றிலும் துணிச்சலான கதை இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

ஃப்ளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் அந்த உயிரினத்தைத் தேடிச் செல்லும் முற்பகுதி சற்று இழுவைதான். முதல் படத்தில் நாம் பார்த்த நீருக்கடிக் காட்சிகளே மறுபடி வருகின்றன. ஆனால் பிடிக்கும் முயற்சியில் அது தீக்காயம்பட்டு, செதில்கள் உதிர்ந்து, செவுள்களையும் இழந்த பிறகு படம் வேறொன்றாக மாறிவிடுகிறது. உள்ளே நுரையீரல் இருப்பதைக் கண்டறியும் விஞ்ஞானிகள் தொண்டையில் அறுவை செய்து அதைக் காற்றைச் சுவாசிக்கும் பிராணியாக்கி, உடையும் மாட்டிவிடுகிறார்கள். பின்னர் கப்பலிலிருந்து பழைய நினைப்பில் தண்ணீரில் குதிக்கும் அது, தன் சொந்த வீடாக இருந்த அதே நீரில் மூச்சுத் திணறுகிறது. அதைக் கரையேற்ற மனிதன் தேவைப்படுகிறான். அந்தக் காலத்து அரக்கன் படங்களில் இவ்வளவு கொடுமையான காட்சி வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

அரக்கனின் புகழ்பெற்ற தோற்றத்தையே கெடுத்துவிட்டார்கள் என்பதுதான் ரசிகர்களின் பெரிய குறை. பருத்த உடலும் மழுங்கிய முகமுமாக நிற்கும் அந்த உருவம் அழகாக இல்லை என்பது உண்மைதான். ஆனால் மனிதன் தன் விருப்பத்துக்கு ஓர் உயிரைத் திருத்தினால் என்ன மிஞ்சும் என்பதைக் காட்ட வந்த கதையில் அந்த அழகு எப்படி மிஞ்சியிருக்க முடியும்? கரையில் அதற்கு உயிர்கொடுத்த டான் மெகோவன், வசனமே இல்லாமல், நடையிலும் தோள்களின் தளர்விலும் மட்டுமே அந்த இழப்பைக் காட்டிவிடுகிறார். நீருக்கடியில் வழக்கம்போல ரிகோ பிரௌனிங்.

கலிஃபோர்னியாவில் மின்வேலிக்குள் ஆடுகளோடு அடைக்கப்பட்ட அது, ஆட்டைக் கொல்ல வரும் மலைச்சிங்கத்தைத்தான் தாக்குகிறதே தவிர ஆடுகளைத் தொடுவதில்லை. ஜெஃப் மோரோ நடித்த டாக்டர் பார்ட்டனோ மனைவிமேல் கொண்ட சந்தேகத்தில் ஒரு மனிதனைக் கொன்று, பிணத்தை அந்த வேலிக்குள் போட்டுப் பழியைப் பேச முடியாத பிராணியின் தலையில் கட்டப் பார்க்கிறார். அதன் பிறகு அது வேலியை உடைத்துக்கொண்டு வருவதை வெறியாட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை; அது குறிவைத்துத் தேடிப் போவது பார்ட்டனை.

முதல் படத்தின் கதையாக்கத்தில் பங்குகொண்ட ஆர்தர் ராஸ்தான் இதையும் எழுதினார். ஆகவே மூன்றையும் வரிசையாகவே பாருங்கள். அமேசான் நீரில் அது நீந்திய வேகம் கண்ணில் இருக்கும்போதுதான் இந்தப் படத்தின் தள்ளாட்டம் முழுதாக உறைக்கும்.