பொம்மையை அனுப்பினால் என்ன குறைந்துவிடும்?

இந்தியர்களை நம் ராக்கெட்டிலேயே விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டம் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் கீழே வரிசையாக ஒரே கிண்டல். "2022ல மனுஷன் போவான்னீங்க, இப்ப பொம்மைய அனுப்புறீங்களா?" ஆளுக்கு முன்னால் போகவிருக்கும் வியோமித்ரா என்ற பாதி உடல் ரோபோவைத் துணிக்கடை வாசல் பொம்மைக்குப் பக்கத்தில் நிறுத்தி ஒரு மீம். பார்த்தால் சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் என் கட்சி வேறு. வேண்டுமானால் இன்னும் இரண்டு பொம்மை கூடுதலாகப் போகட்டும், ஆள் அப்புறம் ஏறட்டும்.

ராக்கெட் விஷயத்தில் எங்கள் ஏரியாக்காரர்களுக்குக் கொஞ்சம் மிதப்பு உண்டு. திருவொற்றியூரிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா நேர்கோட்டில் சுமார் 60 கிலோமீட்டர்தான். போனில் கவுன்ட் டவுனை ஓடவிட்டு மொட்டை மாடியில் நின்றால், மேகம் இல்லாத நாளில், வடக்கே நெருப்பு எழும்பிக் கடல் பக்கம் சாய்ந்து போவது தெரியும். மாடிக்கு மாடி விசில் பறக்கும். காசிமேட்டில் படகு வைத்திருப்பவர்களுக்குக் கவலை வேறு, அன்றைக்குக் கடலில் எந்தப் பக்கம் போகக் கூடாது என்ற அறிவிப்புதான் அவர்களுக்கு முக்கியம். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்து ஆளாளுக்குக் கீழே இறங்கிவிடுவோம். போனது திரும்பி வருமா என்று நாங்கள் கேட்டதே இல்லை. செயற்கைக்கோள் எதற்குத் திரும்பி வரப் போகிறது?

ஆனால் திரும்பி வந்த ஒன்று எங்கள் எண்ணூருக்கே வந்து சேர்ந்திருக்கிறது. 2014 டிசம்பர் 18 அன்று இஸ்ரோவின் எல்விஎம்-3 ராக்கெட்டின் முதல் சோதனை. அதன் தலையில் 'கேர்' என்று பெயர் வைத்த, ஆளில்லாத, மூன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ள ஒரு கூண்டு, ஆள் போகும் கலத்தின் மாதிரி. 126 கிலோமீட்டர் உயரம் போய், காற்று மண்டலத்துக்குள் மீண்டும் நுழைந்து, 31 மீட்டர் விட்டமுள்ள பாராசூட்டுகளை விரித்து, அந்தமான் பக்கம் கடலில் விழுந்தது. ஏறி இறங்க மொத்தமே இருபது நிமிடம் சொச்சம். கடலோரக் காவல்படைக் கப்பல் அதைத் தூக்கிக் காமராஜர் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. ஆமாம், நிலக்கரிக் கப்பல் வந்து நிற்கும் அதே துறைமுகம்தான். எங்கள் தெருவில் அன்றைக்கு யாரும் அதைப் பற்றிப் பேசியதாக எனக்கு நினைவில்லை. ஆளில்லாத கூண்டுக்கு யார் விசில் அடிப்பார்கள்?

இந்த அலட்சியம் நமக்கு மட்டும் உரியது என்று நினைக்காதீர்கள். 1961 ஜனவரி 31 அன்று அமெரிக்கா ஹாம் என்ற சிம்பன்சியை மெர்குரி-ரெட்ஸ்டோன் ராக்கெட்டில் அனுப்பியது. ராக்கெட் வேண்டியதைவிட வேகமாகப் போனதால், கலம் குறித்த இடத்தைத் தாண்டி வெகுதூரத்தில் கடலில் விழுந்தது. மீட்கப் போனபோது உள்ளே தண்ணீர் ஏற ஆரம்பித்திருந்தது. ஹாம் பிழைத்துக்கொண்டது. அடுத்து விண்வெளி வீரர் ஆலன் ஷெப்பர்ட் முறை. ஆனால் ராக்கெட்டைச் செய்த வெர்னர் வான் பிரவுன் தரப்பு ஒத்துக்கொள்ளவில்லை, இன்னொரு முறை ஆளில்லாமல் அனுப்பிப் பார்த்துவிடுவோம் என்றார்கள். மார்ச் 24 அன்று அது போனது, எல்லாம் சரியாக இருந்தது. ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் பூமியைச் சுற்றி வந்துவிட்டார். ஷெப்பர்ட் போனது மே 5. விண்வெளிக்குப் போன முதல் மனிதர் என்ற பெயர் ஒரே ஒரு ஆளில்லாச் சோதனையால் கைவிட்டுப் போனது. ஷெப்பர்டுக்கு அதில் கடும் கோபம். இருந்தாலும் அவர் உயிரோடு இறங்கினார். பத்து வருடம் கழித்து அப்போலோ 14-ல் போய் நிலவிலும் நடந்தார்.

சரி, முந்திக்கொண்ட சோவியத்காரர்கள் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஆளை ஏற்றினார்களா? 1960 மே மாதம் முதல் கலத்தை அனுப்பினார்கள். கீழே இறக்க இன்ஜினை இயக்கியபோது கலம் திரும்பியிருந்த திசை தப்பு. அது இன்னும் மேலே போய்விட்டது. ஜூலையில் ராக்கெட் வெடித்து இரண்டு நாய்கள் செத்தன. ஆகஸ்டில் பெல்கா, ஸ்ட்ரெல்கா இரண்டும் உயிரோடு வந்தன. டிசம்பரில் மறுபடி இரண்டு நாய்கள் செத்தன. 1961 மார்ச்சில் இரண்டு முறை, ஒவ்வொன்றிலும் ஒரு நாய், கூடவே விண்வெளி உடை மாட்டிய ஒரு ஆளுயரப் பொம்மை. பெயர் இவான் இவானோவிச். இரண்டும் பத்திரமாக வந்த பிறகுதான் ககாரினின் 108 நிமிடப் பயணம். அவருக்கு முன்னால் போனதும் பொம்மைதான். மீம் போடுகிறவர்கள் கவனிக்கவும்.

அதே சோவியத் ஆறு வருடத்தில் இதை மறந்தது. சோயுஸ் என்ற புதிய கலத்துக்கு மூன்று ஆளில்லாச் சோதனைகள் நடந்தன. ஒன்று கட்டுப்பாட்டை இழந்து, திரும்பும் வழியில் தன்னைத்தானே வெடித்து அழித்துக்கொண்டது. இரண்டாவது ஏவுதளத்திலேயே தீப்பிடித்தது. மூன்றாவதின் வெப்பக் கவசத்தில் ஓட்டை விழுந்து, ஏரல் கடலின் பனியை உடைத்துக்கொண்டு மூழ்கியது. ஒன்றுகூடத் தேறவில்லை. ஆனாலும் 1967 ஏப்ரலில் விளாடிமிர் கொமரோவை ஏற்றினார்கள். திரும்பும்போது பாராசூட் சரியாக விரியவில்லை. அவர் இறந்துபோனார். அது ரஷ்யப் புரட்சியின் 50-வது ஆண்டு.

சோதனை செய்துவிட்டால் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் ஷட்டில் என்ற விண்வெளி ஓடம் 1981-ல் முதல் தடவையே இரண்டு பேரோடு பறந்து பத்திரமாக வந்தது. சேலஞ்சர் விபத்து நடந்தது 25-வது பயணத்தில், அதுவும் குளிரில் ரப்பர் வளையம் தாங்காது என்று முந்தைய இரவே பொறியாளர்கள் சொல்லியும் கேட்காமல். சேலஞ்சரில் இருந்து தப்பிக்க வழியே வைக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம். ஏனென்றால் 1983 செப்டம்பரில் சோயுஸ் ராக்கெட் ஏவுதளத்திலேயே தீப்பற்றியபோது, உச்சியில் இருந்த தப்பிப்பு ராக்கெட் டிட்டோவ், ஸ்ட்ரெகலோவ் என்ற இரண்டு பேரையும் கலத்தோடு பிய்த்துக்கொண்டு போய்க் காப்பாற்றியது. அது நடந்து ஏழு மாதத்துக்குள், 1984 ஏப்ரல் 3 அன்று, அதே ரகக் கலத்தில்தான் நம் ராகேஷ் ஷர்மா ஏறினார்.

நம் ஆட்கள் இப்போது சோதித்துக்கொண்டிருப்பதும் இதைத்தான். 2023 அக்டோபர் 21 அன்று ககன்யானின் தப்பிப்பு ராக்கெட்டுக்காக டிவி-டி1 என்ற ஆளில்லாச் சோதனை. 5 விநாடி இருக்கும்போது கணினி நிறுத்திவிட்டது. உடனே "ஃபெயில்" என்று பதிவுகள். காரணத்தைக் கண்டுபிடித்து அன்றைக்கே 10 மணிக்கு அனுப்பினார்கள். 12 கிலோமீட்டர் உயரத்தில் தப்பிப்பு ராக்கெட் கூண்டைப் பிடுங்கிக்கொண்டு போனது, பாராசூட் விரிந்தது, கடலில் விழுந்த கூண்டைக் கடற்படை சென்னைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. மறுபடியும் நம்ம பக்கம்தான்.

போயிங் செய்த ஸ்டார்லைனர் கலத்தையும் மறந்துவிட வேண்டாம். 2019-ல் ஆளில்லாமல் போனபோது அதன் கடிகாரமே 11 மணி நேரம் தப்பு, விண்வெளி நிலையத்தைத் தொடாமலே திரும்பியது. 2024-ல் சுனிதா வில்லியம்ஸையும் புட்ச் வில்மோரையும் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகு, தள்ளு இன்ஜின்களை நம்ப முடியாமல் நாசா அதைக் காலியாகவே இறக்கியது. காலியாக வந்த கலம் நன்றாகவே இறங்கியது. "பார்த்தியா, சும்மா பயந்துட்டாங்க" என்றார்கள். பயந்தது சரி என்றுதான் நான் சொல்வேன்.

தாமதத்துக்காக யாரையாவது திட்டியே ஆக வேண்டுமென்றால், 2018 சுதந்திர தின உரையில் 2022 என்று தேதி குறித்ததைத் திட்டுங்கள். அதுவும் சுதந்திரத்தின் 75-வது ஆண்டு என்ற விழாக் கணக்குதான். விழாவைப் பார்த்துப் பாராசூட் விரியாது.

அதைவிட உருப்படியான கேள்விகள் இருக்கின்றன. டிவி-டி1 கூண்டு கடலில் தலைகீழாகக் கவிழ்ந்து மிதந்ததே, அதை நிமிர்த்த வழி செய்தாயிற்றா? உள்ளே மூச்சுக்காற்று அமைப்பு எத்தனை நாள் ஓடி நிரூபித்திருக்கிறது? ஆளில்லாப் பயணத்தில் ஒன்று சொதப்பினால் இன்னொன்று அனுப்பிப் பார்ப்பார்களா, நேராக ஆளை ஏற்றுவார்களா? ககன்யானுக்குத் தேர்வான நான்கு வீரர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர், அதனால் நமக்குக் கேட்க உரிமை கொஞ்சம் கூடுதல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் பதில் வராமல் 2027 என்று தேதி மட்டும் வந்துகொண்டிருந்தால், அப்போது மீம் போடுங்கள். நானும் ஷேர் செய்கிறேன்.